எங்கிருந்தோ புரட்டி

அன்புள்ள அக்கா,

முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக எங்கள் தெருவில் 60 வீடுகளின் செலவுக் கணக்கை எடுத்து வருகிறேன். வருமானம் கூடினால் உணவுக்குப் போகும் பங்கு குறையும் என்பது ஏங்கெல்ஸ் விதி. ஆனால் மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், கிராமங்களில் அந்தப் பங்கு 2022-23இல் 46.38 சதவீதம், 2023-24இல் 47.04. மொத்தச் செலவும் கூடியிருக்கிறது, உணவின் பங்கும் கூடியிருக்கிறது. அப்படியானால் விதி பொய்யா? விலை ஏற ஏறக் கூடுதலாக வாங்கப்படும் கிஃபன் பண்டங்களையும் ஆய்வில் சேர்க்கலாமா?

இன்னொன்று. ஏழைகள் செலவழிப்பதில் பகுத்தறிவு இல்லையோ என்று தோன்றுகிறது. என் அம்மாவே தெருப் பெண்களோடு சேர்ந்து மாதம் 500 ரூபாய் குலுக்கல் சீட்டு போடுகிறார். வட்டி கிடையாது. வங்கியில் போடச் சொன்னால் கேட்பதில்லை. அப்பாவின் கூலி, அம்மாவின் பீடிக் கூலி எல்லாம் சேர்ந்தே 15 ஆயிரத்தைத் தாண்டாது. போன செமஸ்டர் கட்டணத்தைக்கூட எங்கிருந்தோ புரட்டித்தான் கட்டினார்கள்.

அன்புடன்,
ஒரு மாணவன், தென்காசி மாவட்டம்

அன்புள்ள தம்பி,

முதலில் பெயரைத் திருத்துங்கள். மார்க்ஸின் தோழர் ஏங்கெல்ஸ் வேறு ஆள். நீங்கள் சொல்லும் விதி எர்ன்ஸ்ட் எங்கெல் 1857இல் எழுதியது. சாக்சனியின் புள்ளியியல் அதிகாரி அவர். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை வைத்து எழுதினார். ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே ஆளை மாற்றி எழுதினால் அடுத்த பக்கத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

விதி பொய்யாகவில்லை. 1999-2000இல் கிராமத்துக் குடும்பத்தின் செலவில் 59 சதவீதம் உணவுக்குப் போனது, இப்போது 47. ஓர் ஆண்டில் அரைப் புள்ளிக்குச் சற்று மேலே ஏறியதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். 2023-24 உணவு விலை மற்ற விலைகளைவிட வேகமாக ஏறிய ஆண்டு. உணவுக்குத் தேவை நெகிழ்ச்சி குறைவு. விலை ஏறினாலும் யாரும் பாதிச் சோறு உண்பதில்லை, அதனால் பங்கு ஏறும். அதோடு, உணவு என்ற தலைப்புக்குள் இருப்பதெல்லாம் அரிசியும் பருப்பும் என்று நினைக்காதீர்கள். கிராமத்திலும் மொத்தச் செலவில் தானியத்தின் பங்கு 5 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. பானங்களுக்கும் கடையில் வாங்கும் பதப்படுத்திய உணவுக்கும் ஏறத்தாழ அதைப்போல இரண்டு மடங்கு போகிறது. கிஃபன் பண்டத்தை விடுங்கள். சீனத்தின் ஹுனானில் ஏழைக் குடும்பங்கள் வாங்கிய அரிசியை வைத்து ஜென்சனும் மில்லரும் 2008இல் அதைக் காட்டினார்கள். 60 வீட்டுக் கணக்கில் அது கிடைக்காது.

இதையெல்லாம் உங்கள் வழிகாட்டியே சொல்லியிருப்பார். நான் பதில் எழுத உட்கார்ந்தது அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதற்காக.

சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு நூற்பாலையில் வேலை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. சம்பளத்தை வாங்கி வந்ததும் 40 பக்க நோட்டில் ஒவ்வொரு பைசாவுக்கும் கணக்கு எழுதுவார். வாடகை, அரிசி, மண்ணெண்ணெய், அப்பத்தாவுக்கு வெற்றிலை. அம்மா வீட்டில் இருந்தபடியே தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்கிக் கொடுப்பாள். சட்டத்தின் வரிகளில் குச்சியை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும், ஒரு குச்சி சாய்ந்தாலும் மருந்தில் தோய்க்கும்போது கெட்டுவிடும். அந்தக் கூலியில் ஒரு பகுதி அப்பா கைக்குப் போகும். மீதி உளுந்து டப்பாவுக்குள் போகும்.

எனக்கு 12 வயதில் ரத்தம் கம்மி என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தினம் ஒரு முட்டை கொடுங்கள் என்றார்கள். பொம்பளப் பிள்ளைக்குத் தினம் முட்டையா என்று அப்பத்தா கேட்டாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். மறுநாளிலிருந்து, சோறு கொதிக்கும் உலையிலேயே அம்மா ஒரு முட்டையைப் போட்டுவிடுவாள். தனிப் பாத்திரம் வைத்தால் தெரிந்துவிடும் அல்லவா? கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் நின்று உரித்துத் தருவாள். ஓட்டில் இரண்டு பருக்கை ஒட்டியிருக்கும். கடைக்கு என்னை அனுப்பும்போது டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவிக் காசை எடுத்து, ஒட்டியிருக்கும் உளுந்து மாவை ஊதிவிட்டுத் தருவாள்.

அந்த ஒன்றரை வருடத்தில் அப்பாவின் நோட்டில் முட்டை என்று ஒரு வரி இல்லை. அப்போது கணக்கெடுப்புக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அப்பாதான் குடும்பத் தலைவர், அவர்தான் பதில் சொல்லியிருப்பார். முட்டைக்கு நேரே பூஜ்யம் எழுதிப் போயிருப்பார்கள். இப்போது சொல்லுங்கள், எங்கள் குடும்பத்தின் முட்டைத் தேவை என்ன?

உங்கள் பாடநூலில், ஒரே அளவு திருப்தி தரும் பண்டச் சேர்க்கைகளைக் காட்டும் சமநோக்கு வளைகோடு வரைந்து, கையில் உள்ள பணத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்று காட்டும் பட்ஜெட் கோட்டை அது தொடும் இடத்தைப் புள்ளியாக வைக்கிறார்களே, அது ஒரே ஒரு ஆளுடைய படம். அந்த ஆளுக்குக் குடும்பம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எல்லோருடைய வருமானமும் ஒரே பானையில் விழும், யார் கொண்டுவந்த காசு என்பது செலவை மாற்றாது என்பது அதில் அடங்கிய எடுகோள். எங்கெல்கூட வீட்டுக்குள் ஆட்களை எண்ணியவர்தான். பிறந்த குழந்தையை 1 என்று வைத்து, ஆண்டுக்கு 0.1 கூட்டி, பெண்ணுக்கு 20 வயதில் 3, ஆணுக்கு 25 வயதில் 3.5 என்று அலகு போட்டார். யாருக்கு எவ்வளவு தேவை என்பது அந்தக் கணக்கில் இருக்கிறது. பணப்பை யார் இடுப்பில் இருக்கிறது என்பது அதில் இல்லை.

அது செலவை மாற்றுமா? மாற்றும். பிரிட்டனில் குழந்தைகளுக்கான சலுகை ஒரு காலத்தில் பெரும்பாலும் தகப்பனின் வரிக் கழிவாகப் போய்க்கொண்டிருந்தது. 1970களின் கடைசியில் அதைத் தாயின் கையில் ரொக்கமாகத் தர ஆரம்பித்தார்கள். லுண்ட்பெர்க், போலாக், வேல்ஸ் மூவரும் 1997இல் அந்த மாற்றத்தை ஆராய்ந்தபோது, ஆண்களின் உடைக்கான செலவோடு ஒப்பிட, பெண்களின் உடைக்கும் பிள்ளைகளின் உடைக்குமான செலவு கூடியிருந்ததைக் கண்டார்கள். பானை ஒன்றுதான் என்றால் இப்படி ஆகியிருக்காது. இங்கே 2023 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை பெண்களின் கணக்கிலேயே விழுகிறது. உங்கள் 60 வீட்டிலும் அதை வாங்குகிறவர்கள் இருப்பார்கள். அந்த ஆயிரத்துக்குத் தனிப் பத்தி போட்டிருக்கிறீர்களா? போட்டிருக்கமாட்டீர்கள். மொத்த வருமானம் என்ற ஒரே கட்டத்தில் கூட்டிச் சேர்த்திருப்பீர்கள்.

சீட்டுக்கு வருகிறேன். நைரோபியில் கிபேரா என்ற பெரிய சேரி இருக்கிறது. அங்கே இதே மாதிரிச் சுழல் சீட்டுப் போடுகிறவர்களை ஆராய்ந்து சிவான் ஆண்டர்சனும் ஜான்-மரி பலாண்டும் 2002இல் எழுதினார்கள். அங்கும் பெரும்பாலும் பெண்கள், அதிலும் கல்யாணமானவர்கள். வட்டிக்காக அவர்கள் அதில் சேரவில்லை. வீட்டில் இருந்தால் கணவன் கேட்பான், கேட்டால் கொடுக்க வேண்டும். சீட்டில் கிடந்தால் கேட்க முடியாது. பகுத்தறிவு என்று நீங்கள் படிக்கும் பாடம் முழுக்க இதில் இருக்கிறது. தமிழில் இதற்குச் சொல்லே இருக்கிறது தம்பி, சிறுவாடு. உங்கள் ஆச்சிக்குத் தெரிந்த சொல். அது வினாத்தாளில் இல்லை என்பதற்காகப் பெற்ற தாயைப் பகுத்தறிவு இல்லாதவள் என்று முன்பின் தெரியாத எனக்கு எழுதுகிறீர்கள். படித்த பிள்ளை எழுதுகிற எழுத்தா இது?

கோபம் போதும். 60 வீட்டுக்கும் மறுபடி போங்கள். ஆண்கள் வேலைக்குப் போன பிறகு, பீடி சுற்றும் நேரத்தில் போங்கள். நீங்கள் போவதைவிட வகுப்பில் படிக்கும் பெண் ஒருத்தியை அழைத்துப் போனால் நல்லது. எவ்வளவு செலவு என்று மட்டும் கேட்காமல் யார் கையிலிருந்து போனது என்றும் கேளுங்கள். சிறுவாடு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்லவும் மாட்டார்கள்.

அதற்கு முன்னால் உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். செமஸ்டர் கட்டணத்தை ‘எங்கிருந்தோ புரட்டி’ என்று எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் அம்மாவுக்குச் சீட்டு எந்த மாதம் விழுந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கும் எழுதுங்கள்.