எல்லா டிராவும் ஒன்றா?

அன்புள்ள ஐயா,

2018 உலக செஸ் சாம்பியன்ஷிப்பில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 ஆட்டமும் டிரா. மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டுக் கடைசியில் கைகுலுக்கிப் பிரிகிறார்கள். இது பயம்தானே? இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

பயந்து ஆடும் டிராக்கள் உண்டு. 2005இல் பல்கேரியாவின் சோபியா நகரில் நடந்த போட்டியில், ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசி டிரா செய்யக் கூடாது என்று விதி போட்டதே அதனால்தான். ஆனால் 1872இல் வியன்னாவில் ஹாம்பேயும் மைட்னரும் ஆடிய ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பாருங்கள். மொத்தம் 18 நகர்த்தல்தான்.

வெள்ளை ஹாம்பே, மூன்றாவது நகர்த்தலிலேயே குதிரையை ஓரத்துக்குக் கொண்டுபோய்க் கறுப்பு பிஷப்பை மிரட்டுகிறார். மைட்னர் பின்வாங்கவில்லை. ராஜாவை ஒட்டிய சிப்பாயை அதே பிஷப்பால் வெட்டி செக் வைக்கிறார். ராஜா பிஷப்பை வெட்ட, ராணி வந்து விரட்டுகிறது. ஒன்பதாவது நகர்த்தலில், ஓரத்தில் நிற்கும் அந்தக் குதிரைக்காகத் தன் ராணியையே கொடுக்கிறார் மைட்னர்! அப்புறம் ஒரு குதிரையும் போகிறது. வெள்ளை ராஜாவோ துணையில்லாமல் எதிரியின் பாதிக்குள் நிற்கிறது.

கடைசியில் மைட்னர் மிச்சமிருந்த பிஷப்பை ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்து செக் சொல்கிறார். அதை வெட்டலாம், காவல் இல்லை. ஆனால் வெட்டினால் கறுப்பு ராஜா ஒரு கட்டம் முன்னால் வரும், அடுத்து யானையால் மேட், ராஜா தப்ப வழியே இல்லாத செக். வெள்ளை ராணி நடுவில் ஒரு செக் வைத்தாலும் பலனில்லை. சரி, ராஜா நகர்ந்துகொண்டால்? பிஷப் பக்கத்துக் கட்டத்துக்கு வந்து மறுபடி செக், இந்த முறை யானையின் காவலோடு. வேறு பக்கம் ஓடினால் தோல்வி. பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பினால் மறுபடி அதே செக். இப்படியே திரும்பத் திரும்ப வருவதால் டிரா. வெள்ளையிடம் ஒரு ராணியும் ஒரு குதிரையும் அதிகம். ஒன்றும் செய்ய முடியவில்லை. இதில் பயந்தது யார்?

(அணுக்கருப் பிளவை விளக்கிய இயற்பியலாளர் லீசே மைட்னர், வக்கீலான இந்த மைட்னரின் மகள்.)

நீங்கள் சொன்ன 2018க்கு வருகிறேன். ஆறாவது ஆட்டத்தில் கருவானாவுக்கு ஒரு வெற்றி வழி இருந்ததைக் கணினி காட்டியது. பலகையில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குத் தோன்றக்கூடிய வழியல்ல அது. அந்த டிராவைக் குறை சொல்ல மாட்டேன். 12ஆவது ஆட்டம் வேறு. நல்ல நிலையில் இருந்தும் 31ஆவது நகர்த்தலில் கார்ல்சனே டிரா கேட்டார். சமநிலையானால் பட்டத்தை முடிவு செய்யும் வேக ஆட்டத்தில் தன் கை ஓங்கும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். 3–0 என்று ஜெயித்தும் விட்டார். அதில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு.