ஆர்.ஓ.டி.சி. ஸ்காலர்ஷிப்: மகன் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். மகனுக்கு வயது 17, அமெரிக்கக் குடிமகன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. கூடவே, கல்லூரிப் படிப்போடு ராணுவ அதிகாரிப் பயிற்சி தரும் ஆர்.ஓ.டி.சி. திட்டத்தின் நான்கு ஆண்டு ஸ்காலர்ஷிப்பும் வந்திருக்கிறது. "முதல் வருஷம் பிடிக்கலைன்னா விட்டுடலாம்மா" என்கிறான். என் கணவருக்குத் துளியும் விருப்பமில்லை. 15 வயது வரை அவனுக்கு ஆஸ்துமா, இன்ஹேலர் வைத்திருந்தான். அதைச் சொல்லியாக வேண்டுமா? பாதியில் விட்டால் பணத்தை நாங்கள் கட்ட வேண்டி வருமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொல்வது உண்மைதான், ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு கடைசி நாள் இருக்கிறது. நான்கு ஆண்டு ஸ்காலர்ஷிப் பெற்றவர் இரண்டாம் ஆண்டு தொடங்குவதற்கு முன் தானாக விலகினால் பணத்தையும் கேட்க மாட்டார்கள், பணிக்கும் கூப்பிட மாட்டார்கள். இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டால் ஒப்பந்தம் முழுதாகக் கட்டுப்படுத்தும். அதன் பிறகு விலகினால், அதுவரை அரசு கட்டிய தொகையை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். இல்லையென்றால், அதிகாரியாக அல்ல, சாதாரணச் சிப்பாயாக நான்கு ஆண்டு வரை பணிக்கு அழைக்கலாம். இரண்டில் எது என்று முடிவு செய்வது ராணுவம். "பிடிக்கவில்லையென்றால் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம்" என்ற எண்ணத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த உரிமை மாணவனுக்குக் கிடையாது.

தானாக விலகுவது மட்டும் அல்ல, விலக்கப்படுவதும் இதில் சேரும். மதிப்பெண் சரிவது, உடற்தகுதித் தேர்வில் தோற்பது, எடை கூடுவது, தேர்வில் காப்பியடிப்பது எல்லாமே காரணமாகலாம். கஞ்சா விஷயத்தில் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். நியூஜெர்சியில் 21 வயதானவருக்கு அது சட்டப்படி சரியாக இருக்கலாம். ராணுவத்துக்கு அது போதைப்பொருள்தான். விலக்கும் முன் விசாரணை உண்டு. சொந்தச் செலவில் வக்கீலிடம் ஆலோசனை பெறலாம். ஆனால் விசாரணையில் பேச வேண்டியவன் உங்கள் மகன், வக்கீல் அல்ல.

கடன் அவன் பெயரில்தான் நிற்கும். அவன் மைனர் என்பதால் நீங்கள் போடுவது சம்மதக் கையெழுத்து. அதற்காகக் கவலையை விட்டுவிடாதீர்கள்: இந்தக் கடன் ஒப்பந்தம் முறிந்து ஐந்து ஆண்டுக்குள் திவால் மனு போட்டாலும் கரையாது. 22 வயதுப் பையன் அதைத் தனியாகச் சுமக்க நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும்.

ஆஸ்துமாவைச் சொல்லியே ஆக வேண்டும். 13 வயதுக்குப் பிறகும் ஆஸ்துமா இருந்தால் ராணுவ மருத்துவ விதிப்படி அது தகுதியின்மை. ஆனால் விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம், தகுந்த பரிசோதனை முடிவுகளோடு போகிறவர்களுக்குக் கிடைப்பதும் உண்டு. மறைத்துச் சேர்ந்து மூன்றாம் ஆண்டில் பழைய மருந்துச் சீட்டு வெளிவந்தால், நோய் பின்னுக்குப் போய் பொய் முன்னுக்கு வந்துவிடும். பணத்தைத் திருப்பிக் கேட்க அதுவே போதும். யாராவது "அதை எழுத வேண்டாம்" என்று சொன்னால், அந்த ஆளுடைய யோசனையை இனி கேட்காதீர்கள்.

இன்னொன்று. மருத்துவத் தகுதி உறுதியாகி ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை ஸ்காலர்ஷிப் பணம் வராது. அந்த மருத்துவ விலக்கு தாமதமானால் முதல் செமஸ்டர் பில் உங்கள் கைக்கு வரும். மேலும் ராணுவம் கல்விக் கட்டணத்தைக் கட்டும், அல்லது விடுதி-உணவுச் செலவைக் கட்டும், இரண்டையும் அல்ல. தனியார் பல்கலைக்கழகத்தில் மிச்சமிருப்பதே பெரிய தொகை.

படிப்பை முடித்தால் மொத்தம் எட்டு ஆண்டுக் கடமை. முழுநேரப் பணிக்குத் தேர்வானால் பொதுவாக நான்கு ஆண்டு அதில், மீதி ரிசர்வ் எனும் துணைப்படையில். முழுநேரப் பணியா, ரிசர்வா, எந்தப் பிரிவு என்பதெல்லாம் கடைசி ஆண்டில் ராணுவம் தீர்மானிக்கும். கம்ப்யூட்டர் படித்தவனுக்கு சைபர் பிரிவுதான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, காலாட்படையும் வரலாம். அந்த முதல் நான்கு ஆண்டுப் பணி, ராணுவத்தில் பணியாற்றியவர்களின் மேற்படிப்புக்கு அரசு உதவும் 'ஜி.ஐ. பில்' கணக்கிலும் சேராது.

நம்மவர்கள் பலர் கேட்கத் தவறுவது, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை. வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்திய அரசு அதை வழங்குவதில்லை. அவனிடம் ஏற்கெனவே அட்டை இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தூதரகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஊரில் தாத்தா பாட்டி இருப்பது மட்டுமே ராணுவம் செய்யும் பின்னணிச் சோதனையில் தடை ஆகிவிடாது. படிவத்தில் விடாமல் எழுதுங்கள்.

என் கருத்து: இந்தப் பணமே இல்லாவிட்டாலும் ராணுவ அதிகாரியாகத்தான் வருவேன் என்று அவன் சொன்னால், கையெழுத்துப் போடுங்கள், உங்கள் கணவரிடம் நானே பேசுகிறேன். கட்டணத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். அடுத்த பிறந்தநாளுக்குப் பிறகு உங்கள் சம்மதம் தேவைப்படாது என்பதால், இப்போது தடுப்பதைவிடப் பேசுவதே பயன் தரும். நடுவில் ஒரு வழியும் உண்டு. ரட்கர்ஸ் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத்திலும் ராணுவ ஆர்.ஓ.டி.சி. இருக்கிறது. அங்கே ஸ்காலர்ஷிப் வாங்காமல் முதல் இரண்டு ஆண்டு வகுப்புகளில் எந்தக் கடமையும் இல்லாமல் சேரலாம். பிடித்துப்போனால் அங்கிருந்தே ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். மூவரும் உட்கார்ந்து பேசும்போது இதையும் முன்வையுங்கள்.