பெல்லட்டின் அளவும் ஈயத்தின் கடினமும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். பெல்லட் டப்பாக்களில் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருக்கிறது. எதை வாங்குவது?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அது பெல்லட்டின், அதாவது ஏர் ரைஃபிள் சுடும் சிறு ஈயக் குண்டின், தலை விட்டம், மில்லிமீட்டரில். .177 (அங்குலம்) ரைஃபிள் எல்லாவற்றையும் 4.5 என்றுதான் சொல்கிறோம். ஆனால் பேரல் குழாயின் உள்ளளவு துப்பாக்கிக்குத் துப்பாக்கி நூலிழை மாறும். பேரலின் உள்ளே சுருளாக ஓடும் பள்ளங்களும் மேடுகளும்தான் ரைஃபிளிங். தலை, அந்த மேடுகளின் மேல் சரியாக உட்கார்ந்து நேராகப் போக வேண்டும். பின்பக்கத்து மெல்லிய ஸ்கர்ட், காற்றழுத்தத்தில் விரிந்து பள்ளங்களை அடைக்க வேண்டும். தலை சிறுத்தால் பெல்லட் உள்ளேயே சாயும். இலக்கு அட்டையில் ஓட்டைகள் சிதறும். பெருத்தால் ஏற்றும்போதே இறுக்கம் தெரியும், வேகமும் ஷாட்டுக்கு ஷாட் மாறும்.

எனவே மூன்று அளவிலும் ஒவ்வொரு டப்பா வாங்கிச் சுட்டுப் பாருங்கள். தட்டைத் தலை பெல்லட்டாக இருக்கட்டும். அதுதான் அட்டையில் சுத்தமான வட்டமாக வெட்டும். ரைஃபிளை மணல் மூட்டை மேல் வையுங்கள். அளவு மாற்றியதும் முதல் 10 ஷாட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். பழைய பெல்லட் விட்டுப்போன ஈயப் பூச்சு பேரலில் இருக்கும். பிறகு அட்டைக்கு 5 ஷாட் வீதம் குறைந்தது 4 அட்டை சுடுங்கள். ஓட்டைக் கூட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை அளந்து 4.5 கழித்தால், மையத்துக்கு மையம் எவ்வளவு என்று கிடைக்கும். நான்கில் ஒன்று பிரமாதமாக வந்தால் மயங்க வேண்டாம். நான்கும் ஒரே மாதிரி வரும் அளவே உங்கள் பேரலுக்கு உரியது. 10 புள்ளிக்கான வட்டமே 0.5 மி.மீ. தான், அதனால் இந்தப் பாடு வீண்போகாது. முடிவானதும் அதே லாட் எண் (ஒரே தயாரிப்புத் தொகுதியின் எண்) உள்ள டப்பாக்களைச் சேர்த்து வாங்கி வையுங்கள். லாட் மாறினால் மறுபடி சோதிக்க வேண்டும்.

மைக்ரோமீட்டரில் அளக்க நினைக்காதீர்கள். ஈயம் நசுங்கிப் பொய் அளவு காட்டும்.

கேள்வி: விலை குறைந்த பெல்லட் கெட்டியாக இருக்கிறது. கெட்டியாக இருப்பது நல்லதுதானே?
- வாசகர், ஓமலூர்

பதில்: இல்லை. ஈயத்தில் ஆன்டிமனி சேர்த்தால் கெட்டிப்படும். போட்டி ரைஃபிளில் பெல்லட்டின் வேகம் நொடிக்கு சுமார் 170 மீட்டர்தான். அந்த அழுத்தத்துக்குக் கெட்டி ஸ்கர்ட் விரியாது. ஓரத்தில் காற்று கசிந்து, வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும். அட்டையில் ஓட்டைகள் பக்கவாட்டில் ஒழுங்காக இருந்து மேலும் கீழுமாக நீண்டால், வேகம் மாறுகிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள். சுத்த ஈயத்தை நகத்தால் கீறினாலே கோடு விழும். கீறல் விழாமல் நகம் வழுக்கினால் அது கலப்பு.

மென்மையில் ஒரு சிக்கல் உண்டு. டப்பாவைக் குலுக்கினாலோ கீழே போட்டாலோ ஸ்கர்ட் நெளியும். விளிம்பு வட்டம் கெட்ட பெல்லட்டைத் தயங்காமல் ஒதுக்குங்கள்.

கேள்வி: சுட்டுப்போட்ட கேஸில் (தோட்டாவின் வெற்று உறையில்) வெடிமருந்து நிரப்பி வீட்டிலேயே தோட்டா செய்யலாமா?
- வாசகர், ஆத்தூர்

பதில்: கூடாது. 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.

கேள்வி: சேலத்தில் சரியாக இருந்த ஸ்பிரிங் ஏர்கன் ஏற்காட்டில் குறி மாறுகிறது. பெல்லட் அளவை மாற்ற வேண்டுமா? டப்பாவில் வெள்ளைப் பொடியும் படிகிறது.
- வாசகர், ஏற்காடு

பதில்: அளவை மாற்ற வேண்டாம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்று அடர்த்தி குறைவு. ஸ்பிரிங் துப்பாக்கியின் பிஸ்டன் அழுத்துவது சுற்றியுள்ள காற்றைத்தான் என்பதால் வேகம் கொஞ்சம் குறையும். குளிரில் கிரீஸும் இறுகும். துப்பாக்கி அந்தக் குளிருக்குப் பழக அரை மணி விட்டு, 10 ஷாட் சுட்டபின் சைட்டை (குறிபார்க்கும் அமைப்பை) திருத்துங்கள்.

வெள்ளைப் பொடி, ஈயம் அரித்து வருவது. மலை ஈரம் ஒரு காரணம். மர அலமாரியிலிருந்து வரும் அமில ஆவி இன்னொன்று. மூடி இறுக்கமான தகர டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்து, மர இழுப்பறைக்கு வெளியே வையுங்கள். பொடி படிந்த பெல்லட்டைச் சுட வேண்டாம். அந்தப் பொடி விஷம். ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் பிள்ளைகளிடம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பழகி முடித்ததும், எதையும் சாப்பிடுவதற்கு முன், சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.