பழைய வானொலித் திகில் நாடகங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாட்காஸ்டில் பழைய அமெரிக்கத் திகில் நாடகம் கேட்கிறேன். பயமே வரவில்லை. ஏதோ அவசரத்தில் பேசி முடிப்பது போல இருக்கிறது. (வாசகர், மண்டபம்)

பதில்: செயலியின் அமைப்பில் ‘ட்ரிம் சைலன்ஸ்’ இயங்குகிறதா என்று பாருங்கள். பேச்சின் இடைவெளிகளை வெட்டி நேரத்தை மிச்சப்படுத்தும் வசதி அது. செய்திக்கு நல்லது, திகில் நாடகத்துக்குக் கேடு. கதவு கிறீச்சிட்டு நின்ற பிறகு, அடுத்த காலடி விழும் வரை இருக்கும் இரண்டு மூன்று நொடிகளில்தான் பயமே இருக்கிறது. செயலி அதைத்தான் வெட்டி எறிகிறது. உடனே அணைத்துவிட்டு, வேகத்தை 1-இல் வையுங்கள்.

அதன் பிறகும் குரல்கள் கீச்சென்று ஒலித்தால், இசைத்தட்டிலிருந்து பிரதி எடுத்தபோதே வேகம் பிசகியிருக்கும். அதே நாடகத்தை வேறு பாட்காஸ்டில் தேடுவதுதான் வழி.

கேள்வி: இரைச்சலும் பொரிச்சலும் அதிகம். பாதியில் ஒலி சட்டென்று மாறுகிறது. இயர்போன் பழுதா? (வாசகி, தொண்டி)

பதில்: இயர்போன் மேல் குற்றமில்லை. இவற்றில் பலவும் 16 அங்குலத் தட்டுகளில் பதிவானவை. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம். அரைமணி நாடகத்தில் நடுவே தட்டு மாறும், ஒலித்தரமும் மாறும்.

இரைச்சலைக் குறைக்க, ஒலியின் உயர், தாழ் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை இறக்குங்கள். அந்தக் காலப் பதிவுகளில் அங்கே பேச்சு மிகக் குறைவு, இருப்பது பெரும்பாலும் இரைச்சல்தான். 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றினால் சொற்கள் தெளியும். 3 கிலோஹெர்ட்ஸையும் சேர்த்து இறக்கிவிட்டால் வாயைத் துணியால் பொத்திப் பேசுவது போலாகிவிடும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல நெளிந்தால், யாரோ இரைச்சலை அளவுக்கு மீறி நீக்கியிருக்கிறார்கள். அதைச் சரிசெய்ய முடியாது. கொஞ்சம் பொரிகிற பிரதியே மேல்.

கேள்வி: இரவில் விசைப்படகில் போகும்போது கேட்க வழி உண்டா? (வாசகர், ராமேஸ்வரம்)

பதில்: கரையிலேயே நாடகங்களைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். 64 கேபிபிஎஸ் தரத்தில் அரைமணி நாடகம் சுமார் 14 எம்பி. 128 என்றால் இரு மடங்கு. பெரும்பாலும் பேச்சுதான் என்பதால் 64 போதும். பிறகு ஃப்ளைட் மோடில் போட்டு ஒன்றை ஓடவிட்டுச் சோதியுங்கள். பதிவிறக்க வரிசையில் காத்திருப்பதை இறங்கிவிட்டதாக நினைத்துக் கிளம்பிவிடுவதுதான் வழக்கமான தவறு. நம் கடலோரத்தில் போன் இலங்கை டவரைப் பிடிக்கக்கூடும், ஆகவே டேட்டா ரோமிங்கை அணைத்தே வையுங்கள்.

படகில் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். மற்றக் காது கூட இருப்பவர்களின் குரலுக்கு. போனில் மோனோ ஆடியோவைப் போட்டுக்கொண்டால், இரு பக்க ஒலியும் அந்த ஒரு காதிலேயே கிடைக்கும். இன்ஜின் சத்தத்தை மிஞ்ச ஒலியைக் கூட்டாதீர்கள், அடுத்து வரும் அலறல் செவியைத் தாக்கும். முணுமுணுப்பு நிறைந்த நாடகங்களை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, கதைசொல்லியே நடத்திச் செல்லும் ‘தி விஸ்லர்’ மாதிரித் தொடரைக் கடலுக்கு எடுத்துச் செல்லுங்கள். ஆங்கிலம் பழகாத காதுக்கும் அது எளிது.

கேள்வி: எதில் தொடங்கலாம்? (வாசகர், பாம்பன்)

பதில்: 1942 முதல் 1962 வரை ஒலிபரப்பான ‘சஸ்பென்ஸ்’ தொடரில், 1943 மே 25-இல் வந்த ‘சாரி, ராங் நம்பர்’. படுக்கையில் கிடக்கும் ஒரு பெண், தொலைபேசி இணைப்பு மாறியதில் ஒரு கொலைத் திட்டத்தைக் கேட்டுவிடுகிறாள். அவளாக நடித்த ஆக்னஸ் மூர்ஹெட்டின் குரலில் பதற்றம் படிப்படியாக ஏறுவதைக் கவனியுங்கள்.

அடுத்தது ‘எஸ்கேப்’ தொடரின் ‘த்ரீ ஸ்கெலிட்டன் கீ’. பல முறை ஒலிபரப்பானது, 1950-இல் வின்சென்ட் பிரைஸ் நடித்ததைத் தேடி எடுங்கள். கடலுக்கு நடுவே ஒரு கலங்கரை விளக்கம், உள்ளே மூன்று பேர், வெளியே பசித்த எலிக்கூட்டம். பாம்பனில் இருப்பவர் வாடைக்காற்று வீசும் இரவில், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய நாடகம் இது.