பீடோங்கில் ஏல் காய்ச்சலாமா?

தம்பி, பர்மிங்காமில் படித்த காலத்தில் வீட்டிலேயே லைட் ஏல் (மெல்லிய பீர் வகை) காய்ச்சிப் பழகியதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த மாதம் மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம் செம்பனை ஆலையில் சேருகிறீர்கள், ஒரு வருஷம் கழித்து சிங்கப்பூர் கிளைக்கு மாற்றல். கம்பெனி குவார்ட்டர்ஸில் காய்ச்சலாமா, இந்த வெக்கையில் ஏல் தேறுமா, பர்மிங்காமில் செய்தது ஏன் ஒவ்வொரு முறையும் தண்ணீராக வந்தது என்று கேட்கிறீர்கள். நான் புதுக்கோட்டைக்காரன். சிங்கப்பூரில் பல வருஷம் வேலை பார்த்து, அங்கேதான் ஏல் காய்ச்சக் கற்று, கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் ஊரான பீடோங்கிலேயே தங்கிவிட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

இங்கே காய்ச்ச வேண்டாம். 1976-ஆம் ஆண்டு கலால் சட்டப்படி மலேசியாவில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். நானே குடிக்கத்தான் செய்தேன், விற்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. வேலை பெர்மிட்டில் வந்திருப்பவருக்கு அந்த வம்பு எதற்கு? பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதியை 1963-லேயே எடுத்துவிட்டார்கள்; அங்கே பழகிய உங்களுக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. சிங்கப்பூரில் 2004 முதல் அனுமதி இருக்கிறது. 18 வயது ஆகியிருக்க வேண்டும், குடியிருக்கும் வீட்டில்தான் செய்ய வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, விற்கக் கூடாது. ஒரு வருஷம் பொறுத்தால் தலைநிமிர்ந்து செய்யலாம்.

சட்டத்தை விட்டால் இன்னொரு காரணம் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிது. இங்கே ரப்பர்த் தோட்டத்து மக்கள் குடியால் நிறையப் பட்டவர்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருக்கும். வாங்கிய கூலி வீடு வந்து சேராமல் அங்கேயே கரையும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் ஒரு கோரிக்கை. போருக்குப் பிறகு கெடாவில் கள்ளை எதிர்த்துத் தொண்டர் படை கிளம்பியது. இதே பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம்.சாமி அதற்குத் தலைவர். 1947-இல் கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்து போலீசிடம் அடிபட்டவர்களின் வாரிசுகள் இன்றும் இந்த ஊரில் இருக்கிறார்கள். உங்களோடு ஆலையில் ஷிஃப்ட் பார்ப்பவர் அந்தக் குடும்பத்துப் பிள்ளையாகவே இருக்கலாம்.

கள்ளுக்கடை போய் மலிவுச் சாராயமான சம்சு வந்தது, அதுவும் வீடுகளை அழித்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர் பக்கம் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். முளைகட்டிய பார்லியான மால்ட்டில் நொதிக்கும் பீரில் அந்த ஆபத்து இல்லை, அது கலப்படத்தால் வந்த சாவு என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். தோட்டக் குடியிருப்பான லயத்தில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு அம்மாவிடம் போய் இதை விளக்கிக்கொண்டு நிற்க முடியுமா? பக்கத்து வீட்டில் யாரோ எதையோ காய்ச்சுகிறார்கள் என்ற பேச்சே அவர்களுக்கு வேதனை. குடிக்க ஆசைப்பட்டால் சீனர் கோப்பிக்கடையில் பீர் கிடைக்கும். குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளைத் தொடாதீர்கள். 2020-இல் இந்தச் சட்டத்தையும் கடுமையாக்கிவிட்டார்கள்.

அடுத்து உங்கள் ஏல். இதைப் பேச எனக்கு எப்போதும் ஆசைதான்.

நீங்கள் கொடுத்த அளவுகளைப் பார்த்தேன். 20 லிட்டருக்கு மூன்றரைக் கிலோ மால்ட், தொடக்க அடர்த்தி 1.038 (வெறும் தண்ணீர் 1.000). லைட் ஏலுக்கு அது சரியான கணக்கு. பிரச்சினை மேஷ் சூட்டில், அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் சூட்டில் இருக்கிறது. 63 டிகிரியில் வைத்திருக்கிறீர்கள். அந்தச் சூட்டில் மாவுச்சத்து பெரும்பாலும் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையாக உடைந்துவிடும். ஈஸ்ட் அதையெல்லாம் தின்று முடித்தால் நாக்கில் நிற்க ஒன்றும் மிஞ்சாது. கனமான பீரில் இது குறையாகத் தெரியாது. நாலு சதவீதத்துக்குக் கீழே உள்ள ஏலில் உடனே தெரியும். 68 டிகிரிக்கு ஏற்றுங்கள். ஈஸ்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் மிஞ்சி, முடிவு அடர்த்தி 1.010 பக்கம் நிற்கும், வாய்க்குச் சற்றுக் கனம் வரும். மால்ட்டை மட்டும் கூட்டாதீர்கள். பலரும் அதைத்தான் செய்வார்கள், ஏல் வலுவாகும், லைட் ஏல் என்ற பெயர் போய்விடும்.

அதோடு நிற்க வேண்டும். அந்த ஈட்டில், அதாவது அந்த ஒரு தடவைக் காய்ச்சலில், வேறு எதையும் மாற்றக் கூடாது. இந்தத் தொழிலில் நான் உயிராக நினைப்பது இது ஒன்றைத்தான். ஒரு ஈட்டுக்கு ஒரு மாற்றம். மேஷ் சூட்டையும் மாற்றி, கோதுமை மால்ட்டையும் சேர்த்து, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவையும் மாற்றினால், நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும். ஒவ்வொரு ஈட்டிலும் நாலு பாட்டிலை எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த ஈடு தயாரானதும் பழையதையும் புதியதையும் ஒரே குளிரில், ஒரே மாதிரிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, எது எது என்று தெரியாமல் மனைவியையோ நண்பரையோ விட்டுக் கையில் கொடுக்கச் சொல்லிக் குடித்துப் பாருங்கள். போன மாதத்து ருசி ஞாபகத்தில் இருக்கிறது என்று நாம் நினைப்போம், நாக்கு அப்படி எதையும் வைத்துக்கொள்வதில்லை. குடித்தவுடன் நோட்டில் எழுதுங்கள். ‘நன்று’ என்று எழுதிப் பயனில்லை. ‘முதல் வாய் நன்று, விழுங்கிய பிறகு கசப்பு வறண்டு நிற்கிறது’ என்று எழுதினால் அடுத்து எதைத் தொடுவது என்று தெரியும்.

நான் சிங்கப்பூரில் வந்து சேர்ந்த அளவு இது, 20 லிட்டருக்கு: பேல் மால்ட் 3 கிலோ, கோதுமை மால்ட் கால் கிலோ, வெளிர்நிறக் கிரிஸ்டல் மால்ட் கால் கிலோ. கேஸ்கேட் ஹாப்ஸ் கொதியின் தொடக்கத்தில் 25 கிராம், இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு 20 கிராம். கோதுமை நுரையை நிறுத்தும். கிரிஸ்டலைக் கால் கிலோவுக்கு மேல் போட்டால் ஒரு டம்ளரோடு திகட்டிவிடும். லைட் ஏல் இரண்டாவது டம்ளரையும் கேட்க வைக்க வேண்டும்.

சிங்கப்பூரில் கவனிக்க வேண்டியது தண்ணீரும் சூடும். அங்கே குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரமின் இருக்கும், கொதிக்க வைத்தால் லேசில் போகாது. அப்படியே விட்டால் ஏலில் மருந்துப் பிளாஸ்திரி நாற்றம் அடிக்கும். பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் துளி போட்டால் தீர்ந்தது. சூடுதான் கடினம். உங்கள் ஆங்கிலேய ஈஸ்ட் 18 முதல் 20 டிகிரியில் சுத்தமாக வேலை செய்யும். அந்த ஃபிளாட்டில் அறையே 30 டிகிரி இருக்கும், நொதிக்கும்போது வாளிக்குள் இன்னும் சில டிகிரி ஏறும். அப்போது ஈஸ்ட் பழ வாசனையையும் தொண்டையைச் சுடும் ஆல்கஹாலையும் விடும், மெல்லிய ஏலில் அதை மறைக்க எதுவும் கிடையாது. பழைய ஃபிரிட்ஜ் ஒன்று, அதற்கு வெப்பக் கட்டுப்பாட்டு பிளக் ஒன்று வாங்குங்கள். புதுப் பாத்திரம், புது ஹாப்ஸ் எல்லாம் பிறகு. ஃபிரிட்ஜுக்கு இடமில்லை என்றால் நார்வே பண்ணை ஈஸ்டான க்வைக் போடுங்கள். 30 டிகிரிக்கு மேலும் அமைதியாக வேலை செய்யும். ருசி கொஞ்சம் வேறு, தரத்தில் குறையில்லை.

பாட்டிலில் அடைக்க அவசரம் வேண்டாம். அடர்த்தி மூன்று நாள் ஒரே எண்ணில் நின்ற பிறகு, லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை. நொதிப்பு முடியாமல் அடைத்த பாட்டில் வெப்ப நாட்டில் வெடிக்கும், கண்ணாடி கண்ணில் தெறிக்கும்.

பீடோங்கில் இருக்கும் அந்த ஒரு வருஷமும் கை வறண்டு போக வேண்டியதில்லை. ஈஸ்ட் போடாத வரை மால்ட் தண்ணீர் வெறும் இனிப்புத் தண்ணீர்தான். அரைக் கிலோ நொறுக்கிய மால்ட், ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு நல்ல பிளாஸ்க் இருந்தால் மேஷ் பழகலாம். பர்மிங்காமில் 68 டிகிரி பிடிக்கத் தண்ணீரை 75 வரை காய்ச்சியிருப்பீர்கள். இங்கே மால்ட்டே 30 டிகிரியில் இருப்பதால் 73 போதும். ஒரு மணி நேரம் கழித்து வடிகட்டி, ஒரு கொதி விட்டு, ஆறவைத்து அடர்த்தி பாருங்கள். அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்குக் கணக்கிட்டது, நம் ஊர்ச் சூட்டில் 0.002 அளவு குறைத்துக் காட்டும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். நான் இப்படித்தான் இங்கே செய்கிறேன். குளிரவைத்து அன்றைக்கே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன், காட்டு ஈஸ்ட் ஏறும் வரை வைப்பதில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கித்தா என்ற ரப்பர்க் காட்டுக் காலத்தில் ரப்பர் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். ஒரு நாள் நான் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் மேஜைக்குப் பக்கத்தில் குந்தி, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, விளிம்பில் ஏறி நிற்கும் தண்ணீரை விட்டுவிட்டு நடுமட்டத்தைப் படித்து எண்ணைச் சொன்னார். ரப்பர் பாலில் கெட்டி எவ்வளவு என்று பார்க்க ஸ்டோரில் மெட்ரோலாக் விடுவார்கள், அதுவும் இந்த ஜாதிக் கருவிதான். அதைப் படித்துத்தான் தொழிலாளிக்குக் கணக்கு எழுதுவார்கள் என்பதால் கண் தவறக் கூடாது என்றார். இப்போது எங்கள் வீட்டில் அளவு பார்ப்பது அவர்தான். வந்ததும் உங்களையும் அவரிடம் கூட்டிப்போகிறேன்.

பெட்டியில் ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர், பர்மிங்காம் நோட்டு மூன்றையும் கொண்டுவாருங்கள். வாளியையும் பாட்டில்களையும் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஈஸ்ட் இப்போது வாங்க வேண்டாம், இந்த வெக்கையில் ஒரு வருஷத்தில் வலுவிழந்துவிடும். சிங்கப்பூர் போனதும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.