பஸ்கா பண்டிகை விருந்தில் யூதர்கள் ஏன் புளிப்பில்லா அப்பமும் கசப்புக் கீரையும் சாப்பிடுகிறார்கள்?

எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர் விடுதலையாகி வந்த கதையை நாக்காலும் உணர வேண்டும் என்பதற்காகத்தான். மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் கிளம்பினார்களாம். அதனால் மட்சா எனும் அந்த அப்பத்தை, மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டுவிட வேண்டும். கீரையின் கசப்பு அடிமை வாழ்வு. விருந்தில் வைக்கும் உப்புத் தண்ணீர் அவர்களின் கண்ணீர்.

எனக்கு மிகவும் பிடித்தது அதே விருந்தில் வரும் ஹரோசெத் எனும் பழக் கலவை. அந்த அடிமைகள் செங்கல் வேலைக்குப் பிசைந்த சேற்றைக் குறிப்பது, ஆனால் தித்திப்பு! கிழக்கு ஐரோப்பிய வழிவந்த வீடுகளில் ஆப்பிள், வால்நட், பட்டை, திராட்சை மது சேர்ப்பார்கள். ஈராக்கிய யூதர்களுக்குப் பேரீச்சம்பழப் பாகும் வால்நட்டுமே போதும்.

அப்புறம், "இந்த இரவு மட்டும் ஏன் வேறு மாதிரி?" என்று வீட்டின் கடைக்குட்டி கேட்கும். பெரியவர்கள் கதையைத் தொடங்குவது அதற்குப் பதிலாகத்தான்.