கமென்டில் எழுத்துப்பிழை: கை வைக்கலாமா, வேண்டாமா?

இந்த இதழுக்குப் பெங்களூரிலிருந்து வந்த கேள்விகளில் கோடிங் ஆட்களின் கை ஓங்கியிருக்கிறது. பெரும்பாலும் கமென்டைப் பற்றி, அதாவது கோடுக்குள் படிப்பவருக்காக எழுதிவைக்கும் குறிப்பைப் பற்றி. பெயர் வேண்டாம் என்று எல்லாருமே கேட்டிருப்பதால் ஏரியா மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (பெல்லந்தூர்): வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை சார். எங்கள் பழைய ஜாவா புராஜெக்டில் கமென்ட் முழுக்க எழுத்துப்பிழை, 'ரிசீவ்' என்ற சொல்லுக்கு மட்டும் மூன்று விதமான ஸ்பெல்லிங். ஒரு வீக்கெண்ட் உட்கார்ந்து எல்லா ஃபைலிலும் திருத்தி, கையோடு ஒரு சின்ன பக்கையும் சரிசெய்து, ஒரே புல் ரிக்வெஸ்டாக (என் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கையாக) அனுப்பினேன். டீம் லீட் பாதிகூடப் பார்க்காமல் க்ளோஸ் பண்ணிவிட்டார். பிழையைத் திருத்துவது குற்றமா?

பதில்: குற்றமில்லை. ஆனால் அந்தக் 'கையோடு' இருக்கிறதே, வம்பு அங்கேதான். ரிவ்யூ பண்ணுகிறவர் இடத்தில் இருந்து பாருங்கள்: பழைய வரியையும் புது வரியையும் காட்டும் டிஃப் சிவப்பும் பச்சையுமாக ஓடிக்கொண்டே இருக்கிறது, எல்லாம் கமென்ட்தானே என்று கண் பழகிப்போய் ஸ்க்ரோல் பண்ணுகிற வேகத்தில் நடுவே ஒரு இஃப் கண்டிஷன் மாறியிருந்தால் அது யார் கண்ணில் படும்? ஸ்பெல்லிங் திருத்தம் தனி கமிட் (ஒன்றாகப் பதிவாகும் மாற்றம்), பக் தனி கமிட். முடிந்தால் புல் ரிக்வெஸ்டே தனித்தனி. இதில் பேரம் கிடையாது.

அதே ஃபைலில் இன்னும் நாலு பேர் தங்கள் பிராஞ்சில் (தனிப் பிரதியில்) வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் தொட்ட வரிகள் அவர்கள் மாற்றத்தோடு மோதி மெர்ஜ் கான்ஃப்ளிக்டாகப் போய் விடியும், அதுவும் ரிலீஸுக்கு முந்தின வாரம் என்றால் லீடுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும். ரிலீஸ் முடிந்த பிறகு, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, மாட்யூல் மாட்யூலாக அனுப்புங்கள். 'கிட் பிளேம் கெட்டுவிடும்' என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் டூலில், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கமாண்ட் அது. கமென்ட் தனி வரியில் இருந்தால் பெரிதாகக் கெடாது. கோட் வரியின் வாலில் தொங்கும் கமென்டைத் திருத்தினால்தான், அந்த வரியை எழுதினவர் மறைந்து அங்கே நீங்கள் வந்து நிற்பீர்கள். அதற்கும் வழி இருக்கிறது: 2019-இல் வந்த கிட் 2.23 முதல், கணக்கில் எடுக்க வேண்டாத கமிட்களை ஒரு ஃபைலில் எழுதிவைத்து, பிளேம் அவற்றைத் தாண்டிப் போகும்படி செட் பண்ணலாம்.

இதெல்லாம் தேவையா என்று லீட் கேட்டால் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலைக் காட்டுங்கள். பேட்ச் (திருத்தம்) அனுப்புகிறவர்களுக்கான அவர்களுடைய வழிகாட்டியில், சில்லறை பேட்ச்களில் எவை செல்லும் என்ற பட்டியலில் 'கிரெப் தேடலைக் கெடுக்கும் எழுத்துப்பிழைகள்' என்று ஒரு வரி நெடுநாள் இருந்தது. கிரெப் என்பது ஃபைல்களுக்குள் சொல்லைத் தேடும் கமாண்ட். ரொம்ப விவரமான வரி. உங்கள் புராஜெக்டில் ரிசீவ் என்று சரியான ஸ்பெல்லிங்கில் தேடுகிறவருக்கு அந்த ஒரு விதம்தான் கிடைக்கும், மற்ற இரண்டு ஸ்பெல்லிங்கும் இருப்பதே தெரியாமல் அவர் தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்.

கேள்வி (மாரத்தஹள்ளி): கோட்ஸ்பெல் என்று ஒரு டூல் இருக்கிறதே, ஒரே கமாண்டில் எல்லாவற்றையும் திருத்திவிடலாமே?

பதில்: ஓட்டுங்கள், ஆனால் முதல் தடவை திருத்தும் ஆப்ஷன் இல்லாமல். கோட்ஸ்பெல் அகராதியை வைத்துக்கொண்டு தெரியாத சொல்லையெல்லாம் பிடிப்பதில்லை, மக்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளின் பட்டியலை வைத்துத்தான் தேடுகிறது. அதனால் உங்கள் கம்பெனியின் சுருக்கெழுத்துகளைப் பார்த்துக் கத்தாது, அது நல்ல விஷயம். ஆனால் எது கமென்ட், எது கோட் என்று பிரித்துப் பார்க்காமல் மொத்த ஃபைலையும் படிக்கும். டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசையின் பெயரே தப்பு ஸ்பெல்லிங்கில் இருக்கும்போது கோடில் மட்டும் அதைத் திருத்தினால் டேட்டாபேஸிடம் கேட்கும் க்வெரி விழும். புரோகிராம் ஓடும்போது எழுதும் ஒரு லாக் மெசேஜின் பிழையான சொல்லைப் பிடித்து யாரோ அலர்ட் வைத்திருப்பார்கள், நீங்கள் திருத்திய அன்றிலிருந்து அந்த அலர்ட் அடிக்கவே அடிக்காது.

வெளி ஆட்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்ட பெயர் என்றால் பிழையோடு வாழ வேண்டியதுதான். எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்று பிரவுசர் அனுப்பும் 'ரெஃபரர்' ஹெட்டரில் நான்கு 'ஆர்' வரவேண்டும், மூன்றுதான் இருக்கிறது. பிரவுசரும் சர்வரும் பேசும் முறையை விளக்கி 1996-இல் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே அப்படித்தான், இன்றுவரை மாற்ற முடியவில்லை. பின்னால் வந்த 'ரெஃபரர் பாலிசி' ஹெட்டருக்குச் சரியான ஸ்பெல்லிங் கொடுத்ததால் இப்போது இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஃபைலை உருவாக்கும் 'கிரியேட்' அழைப்புக்குக் கடைசி 'ஈ' கிடையாது. யூனிக்ஸைத் திரும்ப எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த 'ஈ'யைச் சேர்ப்பேன் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்ஸனே சொல்லியிருக்கிறார்.

அப்புறம், கமென்ட் மாதிரி தெரிவதெல்லாம் கமென்ட் இல்லை. கோ என்ற புரோகிராமிங் மொழியில் சி மொழியை இம்போர்ட் பண்ணும் வரிக்கு ஒட்டி மேலே இருக்கும் கமென்ட், உண்மையில் சி கம்பைலருக்குப் போகிற கோட். பைத்தானில் ஃபங்ஷனுக்குள் எழுதிய விளக்கத்தில் இருக்கும் உதாரணங்களை டாக்டெஸ்ட் என்ற டூல் ஓட்டிப் பார்க்கும். கோடில் குறை சொல்லும் டூலான லின்டரை வாயடைக்கும் கமென்ட்களில் ஒரு எழுத்து மாறினாலும் அது மறுபடி பேச ஆரம்பித்துவிடும். ஃபைல் தலையில் இருக்கும் லைசென்ஸ் வாசகத்தில் பிழையே இருந்தாலும் தொடாதீர்கள். வெளியிலிருந்து எடுத்து ரெப்போவுக்குள் (புராஜெக்டின் கோட் கிடங்குக்குள்) வைத்திருக்கும் லைப்ரரியிலும் கை வைக்காதீர்கள், அடுத்த வெர்ஷனை எடுக்கும்போது உங்கள் திருத்தம் காணாமல் போகும்.

கேள்வி (ஒயிட்ஃபீல்ட்): 'கலர்' என்பதில் 'யு' உண்டா, இல்லையா? டீமில் தினமும் சண்டை.

பதில்: இரண்டும் சரி. ஃபைலில் எது இருக்கிறதோ அதையே எழுதுங்கள். இதற்கென்று ஒரு பேட்ச் அனுப்பினால் சண்டை இன்னொரு வாரம் நீளும், அவ்வளவுதான் பலன்.

கேள்வி (யஷ்வந்த்பூர்): கல்லூரி மாணவி நான். யாரும் கோடைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய ஓபன் சோர்ஸில் நுழைய டைப்போ (எழுத்துப்பிழை) திருத்துவதுதான் சுலபம் என்கிறார்கள் சீனியர்கள். செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் 2020 அக்டோபரில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஓபன் சோர்ஸில் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் நாலு புல் ரிக்வெஸ்டுக்கு ஒரு டி-ஷர்ட் என்றதும், ரீட்மியில் (புராஜெக்டை விளக்கும் ஃபைலில்) ஒரு சொல்லைச் சேர்த்து ஆளாளுக்கு அனுப்பித் தள்ளிவிட்டார்கள். புராஜெக்டைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்கள் கொதித்துப்போனதில், விரும்பிச் சேரும் புராஜெக்டுக்கு மட்டும்தான் கணக்கு என்று அந்த மாதமே விதியை மாற்றினார்கள். அதனால் எண்ணிக்கைக்காக அனுப்பாதீர்கள். யாரும் திறக்காத ஃபைலின் கமென்டைவிட, பயனர் படிக்கிற டாக்குமென்டேஷனிலும் எரர் மெசேஜிலும் இருக்கும் பிழைக்குத்தான் மதிப்பு அதிகம். ஃபைலுக்கு ஒன்றாக இருபது ரிக்வெஸ்ட் வேண்டாம், சேர்த்து ஒன்று போதும். முக்கியமாக, திருத்துகிற சாக்கில் சுற்றியிருக்கும் கோடைப் படியுங்கள், அங்கேதான் உங்கள் இரண்டாவது பேட்ச் கிடைக்கும்.

கேள்வி (அல்சூர்): தமிழ் மீடியத்தில் படித்தவன். என் கமென்டில் இருக்கும் ஸ்பெல்லிங் பிழையை ரிவ்யூவில் எல்லார் முன்னாலும் ஒருவர் தினமும் குத்திக்காட்டுகிறார்.

பதில்: இன்றைக்கே எடிட்டரில் ஸ்பெல் செக்கைப் போடுங்கள். விஎஸ் கோடில் அதற்கு எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. விம்மில் 2006-இல் வந்த ஏழாம் வெர்ஷனிலிருந்தே வசதி உண்டு, சின்டாக்ஸ் ஹைலைட் இருந்தால் பெரும்பாலான மொழிகளில் கமென்டையும் ஸ்ட்ரிங்கையும் மட்டும் பார்க்கும். அதோடு அவர் வாய் அடங்கிவிடும். சின்ன விஷயத்துக்கு முன்னால் 'நிட்' என்று போட்டு, கட்டாயமில்லை என்று காட்டுவது கூகுளின் ரிவ்யூ வழிகாட்டியிலேயே இருக்கிற பழக்கம், டீம் மீட்டிங்கில் அதைக் கேளுங்கள். ஆனால் எல்லாப் பிழையும் சின்னதில்லை: 'த்ரெட் சேஃப் இல்லை' (ஒரே நேரத்தில் பல இழைகள் பயன்படுத்தினால் ஆபத்து) என்று எழுத வேண்டிய இடத்தில் ஆங்கில 'நாட்'டின் கடைசி எழுத்து மாறி 'நவ்' (இப்போது) ஆகிவிட்டால் அர்த்தமே தலைகீழ். அதை ஸ்பெல் செக்கர் விட்டுவிடும். ரிவ்யூ பண்ணுகிறவருக்குத் திறமை இருந்தால் அதைப் பிடிக்கட்டுமே.

கேள்வி (எலெக்ட்ரானிக் சிட்டி): 'இத தொட்டா செத்த' என்று தமிழை ஆங்கில எழுத்தில் கமென்டாக எழுதிவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார் ஒரு அண்ணன். டீமில் மற்ற எல்லாரும் கன்னடம், தெலுங்கு. மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றுங்கள், ஆனால் 'டு நாட் டச்' என்று எழுதி முடித்துவிடாதீர்கள், அவர்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பிளேம் போட்டு அந்த கமிட் எந்த டிக்கெட்டுக்காக (பதிவான வேலைக்காக) வந்தது என்று பாருங்கள். அதில் விஷயம் கிடைக்காவிட்டால் அண்ணனுக்கு போன் போட்டு, தொட்டால் எது உடையும் என்று கேட்டு அதை எழுதுங்கள்.